வடித்த கஞ்சியில் கிடைத்த மேகக் கணக்கு

விண்ணிலிருந்து நிலத்தைப் பார்ப்பவர்களுக்கு மேகம் பெரிய தொல்லை. ஒரு காடு எவ்வளவு பசுமையாக இருக்கிறது, ஓர் ஏரியில் எவ்வளவு நீர் நிற்கிறது, எந்தப் பக்கம் அறுவடை முடிந்தது என்று அறியச் செயற்கைக்கோளை அனுப்புகிறோம். அது பார்க்கும்போது பாதிக்கு மேல் வெள்ளையாகத்தான் தெரிகிறது. சராசரியாக, எந்த நேரத்திலும் பூமியின் பரப்பில் 67 சதவீதம் மேகத்துக்கு அடியில் கிடக்கிறது. கடலுக்கு மேல் 72, நிலத்துக்கு மேல் 55. அதனால் நிலத்தைப் பற்றிய தரவு எதுவானாலும், மேகம் விழுந்த புள்ளிகளைக் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் முதல் வேலை.

சோறு வடிக்கும்போது கஞ்சி போவதுபோல இது. வேண்டியது சோறு, அதற்காகக் கஞ்சி வடிகிறது. ஆனால் அந்தக் கஞ்சியில் சத்து இருக்கிறது என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. 2016 மார்ச்சில் ‘பிளோஸ் பயாலஜி’ ஆய்விதழில் ஆடம் வில்சனும் வால்டர் ஜெட்ஸும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிலத்தைப் பார்ப்பதற்காக 15 ஆண்டுகளாக ஒதுக்கப்பட்டு வந்த மேகக் குறிகளை அவர்கள் ஒன்று விடாமல் கூட்டி எண்ணியிருந்தார்கள். உலகின் நிலப்பரப்பில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும், எத்தனை சதவீத நேரம் மேகம் நிற்கிறது என்று சொல்லும் வரைபடம் அதிலிருந்து பிறந்தது. அந்த வரைபடம் உருவாகும் விதத்தை, அரிசி பொறுக்குவதில் தொடங்கிச் சோறு இறக்குவது வரை நடக்கும் அடுப்படி வேலைகளோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

வில்சனும் ஜெட்ஸும் வானிலைத் துறைக்காரர்கள் அல்லர். எந்த உயிர் எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே மட்டும் வாழ்கிறது என்று தேடுபவர்கள். அந்தத் தேடலில் அவர்களுக்கு ஒரு பழைய இடைஞ்சல் இருந்தது. மழை, வெப்பம் இரண்டையும் 1 கிலோமீட்டர் கட்டங்களில் காட்டும் உலக வரைபடங்கள் அப்போதே இருந்தன. ஆனால் அவை வானிலை நிலையங்களின் அளவீடுகளை வைத்து, நிலையம் இல்லாத இடங்களை உயரத்தையும் தூரத்தையும் கணக்கிட்டு நிரப்பியவை. நிலையங்கள் நெருக்கமாக உள்ள ஐரோப்பாவில் இது நன்றாகவே பொருந்தும். ஆண்டிஸ் மலைச்சரிவிலும் காங்கோ ஆற்றுப்படுகையிலும் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் காடுதான். அங்கே வரைபடம் காட்டும் 1 கிலோமீட்டர் துல்லியம் கணக்கின் துல்லியமே தவிர, யாரும் போய் அளந்தது அல்ல. மேகம் அப்படி இல்லை. ஆளில்லாக் காட்டுக்கு மேலும் செயற்கைக்கோள் தினமும் போகிறது. ஒவ்வொரு கிலோமீட்டரையும் நேரில் பார்த்துவிட்டு வருகிறது.

மேகத்தை விண்ணிலிருந்து பார்ப்பது புதிதும் அல்ல. 1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட டிரோஸ்-1 அனுப்பிய மங்கலான தொலைக்காட்சிப் படங்களிலேயே மேகச் சுருள்கள் தெரிந்தன. 1983-ல் தொடங்கிய பன்னாட்டுச் செயற்கைக்கோள் மேகத் தொகுப்புத் திட்டம், பல நாடுகளின் செயற்கைக்கோள்களை ஒன்றுசேர்த்து உலக மேகத்தைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தது. தட்பவெப்பம் ஆய்பவர்களுக்கு அது பெரும் செல்வம். ஆனால் அதன் பிரபலமான தொகுப்பில் ஒரு கட்டம் சுமார் 280 கிலோமீட்டர். நம் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் கொச்சியிலிருந்து திருச்சி வரை ஒரே கட்டம். மூணாறின் பனிமூட்டமும் திருச்சியின் வெயிலும் அதற்குள் கலந்து ஒற்றை எண்ணாகிவிடும். ஒரு செடியோ தவளையோ மலையின் எந்தப் பக்கம் வாழ்கிறது என்று கேட்பவருக்கு அந்த எண்ணால் பயனில்லை.

உலையில் போடும் அரிசி எது என்று முதலில் பார்ப்போம். மோடிஸ் என்பது ஒரு கருவி. ஒரே மாதிரியான இரண்டு கருவிகள், நாசாவின் இரண்டு செயற்கைக்கோள்களில் உள்ளன. டெர்ரா 1999 டிசம்பர் 18 அன்றும், அக்வா 2002 மே 4 அன்றும் ஏவப்பட்டன. தரையிலிருந்து 705 கிலோமீட்டர் உயரத்தில் துருவம் விட்டுத் துருவம் சுற்றத் தொடங்கின. டெர்ரா நிலநடுக்கோட்டைக் கடக்கும்போது அந்த இடத்தின் உள்ளூர் நேரம் காலை 10.30 ஆக இருந்தது. அக்வா கடக்கும்போது பிற்பகல் 1.30. எந்த நாட்டுக்கு மேலே போனாலும் ஏறக்குறைய இதே நேரம்தான். கருவிக்குள் ஒரு கண்ணாடி சுழன்றுகொண்டே பக்கவாட்டில் 2,330 கிலோமீட்டர் அகலத்துக்குத் தரையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போகிறது. வருவது புகைப்படம் அல்ல, எண்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் 36 அலைவரிசைகளில், எவ்வளவு வெளிச்சம் திரும்பி வந்தது, எவ்வளவு வெப்பக் கதிர் எழுந்தது என்ற அளவு.

கல் பொறுக்கும் வேலை

இனி முறத்தில் பரப்பிப் பொறுக்க வேண்டும். எல்லாக் கல்லும் ஒன்றல்ல என்பது பொறுக்கியவர்களுக்குத் தெரியும். கறுப்புக் கல் உடனே கண்ணில் படும். வெள்ளை அரிசிக்குள் இருக்கும் வெள்ளைக் கல்தான் சோதனை. அதைக் கண்ணால் மட்டும் பிடிக்க முடியாது. விரலால் உருட்டி, எடை பார்த்து, அரிக்கன்சட்டியில் அரித்துத்தான் பிரிக்க வேண்டும். மேகமும் அப்படியே. கடலும் அடர்காடும் விண்ணிலிருந்து கரும்பரப்பு, மேலே நிற்கும் மேகம் வெளிச்சமாகத் தெரியும், வேலை சுலபம். இமயத்தின் பனிக்கு மேல் நிற்கும் மேகம், வெள்ளைக்கு மேல் வெள்ளை.

அதனால் ஒரே புள்ளியைப் பல சோதனைகளில் உருட்டிப் பார்க்கிறார்கள். முதல் சோதனை வெளிச்சம்: எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சூரிய ஒளி திரும்பி வருகிறதா? இரண்டாவது வெப்பம். உயரே போகப் போகக் காற்று குளிர்கிறது, கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி. எனவே மேகத்தின் உச்சி, தரையைவிடக் குளிர்ந்திருக்கும். 11 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் எழும் அகச்சிவப்புக் கதிரை அளந்தால் அந்தக் குளிர் தெரியும். சகாரா மணல் மேகம்போல் வெளிச்சமாக இருந்தாலும் மதியத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். வெளிச்சச் சோதனை ஏமாறும் இடத்தில் வெப்பச் சோதனை காப்பாற்றுகிறது. இதற்கு நேர்மாறு பெரு, நமீபியா கடற்கரைகள். அங்கே கடலை ஒட்டித் தாழப் படர்ந்த படை மேகத்துக்கும் கடல் நீருக்கும் வெப்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கறுத்த கடல்நீருக்கு மேல் வெள்ளை மேகம் என்பதால் வெளிச்சம் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

பனியிடம் இந்த இரண்டும் தோற்கும், ஏனென்றால் பனி வெளிச்சமும் உடையது, குளிர்ச்சியும் உடையது. அதற்கு மூன்றாவது சோதனை. கண்ணுக்குத் தெரியாத 1.6 மைக்ரோமீட்டர் ஒளியில் பார்த்தால், தரையில் கிடக்கும் பனி அந்த ஒளியை விழுங்கிக் கறுத்துவிடும். நீர்த்துளிகளாலான மேகம் அப்போதும் வெளுப்பாகவே இருக்கும். நமக்கு ஒரே வெள்ளையாகத் தெரியும் இரண்டும் அந்த ஒளியில் வெவ்வேறு. அக்வாவில் இந்த அலைவரிசையின் உணரிகளில் பெரும்பாலானவை வேலை செய்யவில்லை. அதனால் அங்கே 2.1 மைக்ரோமீட்டர் ஒளியை வைத்து அதே சோதனையைச் செய்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1.38 மைக்ரோமீட்டர் சோதனை. இந்த அலைநீளத்தை நீராவி அப்படியே குடித்துவிடுகிறது. நீராவியின் பெரும்பகுதி காற்றுமண்டலத்தின் கீழ்ப்பகுதியில் இருப்பதால், தரை வரை போன ஒளி திரும்பி வருவதில்லை. பூமி இருண்டு கிடக்கும். அந்த இருட்டில், நீராவிக்கு மேலே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் மெல்லிய கீற்று மேகம் மட்டும் மின்னும். தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு வானம் தெளிவு என்றே தோன்றக்கூடிய மேகம் அது. இதற்கும் ஒரு குறை உண்டு. திபெத் போன்ற உயர்ந்த, வறண்ட பீடபூமிகளில் மேலே நீராவி போதாததால் தரையே தெரிந்துவிடும், மேகமென்று எண்ணவைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சில இடங்கள் ஏமாற்றும். கடலில் சூரியன் நேராகப் பிரதிபலிக்கும் பளபளப்பு, வறண்ட ஏரிகளின் உப்புப் படுகை, கோடையில் பாதி உருகிய பனி எல்லாம் அந்த வகை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் அக்கர்மன் தலைமையில் உருவான மோடிஸ் மேகத் திரை அதனால்தான் ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் பதில் சொல்வதில்லை. நிச்சயமாகத் தெளிவு, பெரும்பாலும் தெளிவு, ஐயம், மேகம் என்று நான்கு படிகளில் சொல்கிறது. கடலின் வெப்பத்தை அளப்பவர் ஐயமுள்ள புள்ளியைத் தூக்கி எறிவார். மேகத்தைத் தேடுபவர் அதையே எடுத்து வைத்துப் பார்ப்பார். குழந்தைக்குக் குழைய வடிப்பவர் பொறுக்கும் கண்டிப்பும் விருந்துக்கு வடிப்பவர் பொறுக்கும் கண்டிப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வில்சனும் ஜெட்ஸும் எடுத்துக்கொண்டது இந்தத் திரையை அல்ல. நிலத்தின் ஒளித்திருப்பத்தைத் தரும் தினசரித் தொகுப்பு ஒன்று உண்டு. நிலத்தைப் பார்ப்பவர்களுக்கு அதுதான் சோறு. அந்தத் தொகுப்பைத் தயாரிக்கும் நிரலுக்குள்ளேயே ஒரு தனி மேகச் சோதனை நடக்கிறது, மேகப் புள்ளிகளை வடித்துவிடுவதற்காக. அதன் விடை ஒவ்வொரு புள்ளியின் ஓரத்திலும் குறித்து வைக்கப்படுகிறது. அந்தக் குறியைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்க்கலாம்.

தொகுப்பில் ஒவ்வொரு கிலோமீட்டர் புள்ளிக்கும் ‘நிலை’ என்று ஓர் எண் இருக்கும். உதாரணத்துக்கு 1033 என்று வைத்துக்கொள்வோம். இது ஓர் அளவு அல்ல, பதினாறு சின்னச் சின்னக் குறிகளின் கட்டு. 1033 என்பதை 1024, 8, 1 என்று பிரிக்கலாம். 1024 என்பது பூஜ்யத்திலிருந்து எண்ணினால் பத்தாவது இடத்துக் குறி. உள்சோதனை இதை மேகம் என்கிறது என்று பொருள். 8 என்பது மூன்றாவது இடத்துக் குறி. இங்கே கீழே இருப்பது நிலம். 1 என்பது பூஜ்ய இடத்தில் அமரும் குறி. அக்கர்மன் குழுவின் திரையும் இதை மேகம் என்கிறது. அடுத்த புள்ளி 1032 என்று வந்தால்? உள்சோதனை மேகம் என்கிறது, மற்றது தெளிவு என்கிறது. இரண்டு பேர் ஒரே முறத்தைப் பொறுக்கி, ஒருவர் கல் என்றும் மற்றவர் குருணை என்றும் சொல்லும் இடம் அது. மேக ஆய்வில் இத்தகைய புள்ளிகள் நிறைய. பனி, உப்பு, பளபளக்கும் மணல் உள்ள இடங்களில் வரைபடத்தை எச்சரிக்கையோடு படிக்க வேண்டியது இதனால்தான்.

பத்தாவது இடத்தில் 1 இருந்தால் ஒன்று என்று எண்ணு, 0 இருந்தால் விடு. இந்தக் கணக்கைத்தான் அவர்கள் செய்தார்கள்.

ஒரு சோறு போதாது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே உலையில், ஒரே தீயில், ஒரே நேரம் வெந்த அரிசி என்பதால் அது சரி. வானம் அப்படி வேகும் பானை அல்ல. ஒரு நாள் காலை 10.30-க்கு மேகம் இருந்தது என்பதிலிருந்து அந்த ஊரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பல நாள் பார்த்து எண்ண வேண்டும், வேறு வழியில்லை. நாளுக்கு இரண்டு பார்வை. அப்படி 15 ஆண்டு. அக்வா இரண்டு ஆண்டு பிந்தி வந்ததையும், நிலநடுக்கோட்டருகே அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையில் விழும் இடைவெளிகளையும் கழித்தால்கூட ஒரு புள்ளிக்குப் பல ஆயிரம் பார்வைகள் தேறும். ஓர் இடத்தில் ஜூலை மாதங்களில் மொத்தம் 800 நல்ல பார்வைகள் கிடைத்து, அவற்றில் 640 மேகம் என்று வந்தால், அந்த இடத்தின் ஜூலை மேக அளவு 80 சதவீதம். கணக்கு அவ்வளவுதான், பள்ளிப்பிள்ளை போடும் வகுத்தல். ஆனால் நிலப்பரப்பு சுமார் 15 கோடி சதுர கிலோமீட்டர். அத்தனை புள்ளிக்கும் இதே வகுத்தலைப் பன்னிரண்டு மாதத்துக்கும் போட ஒரு மேசைக் கணினி போதாது. கூகுள் எர்த் எஞ்சினில் ஆயிரக்கணக்கான கணினிகள் பங்கிட்டுக்கொண்டு முடித்த வேலை இது.

எண்ணி முடித்து வரைந்தால் அழகான உலகம் தெரியும், ஆனால் அதன்மேல் சாய்வான பட்டைகளும் சேர்ந்து தெரியும். அவை வானத்தில் இல்லை, பார்த்த விதத்தில் இருக்கின்றன. செயற்கைக்கோள் 16 நாளுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்புகிறது. அதனால் சில இடங்கள் எப்போதும் நேர் கீழாகவும் சில இடங்கள் பெரும்பாலும் ஓரப் பார்வையிலும் விழும். ஓரத்தில் சாய்ந்து பார்க்கும்போது இரண்டு கோளாறுகள் நேரும். 1 கிலோமீட்டராக இருந்த புள்ளி நீண்டு அகன்று, கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் அகலமாகிவிடும். அதோடு திரள் மேகங்களின் பக்கச் சுவர்களும் கண்ணில் பட்டு, இடையிலுள்ள தெளிந்த சந்துகளை மறைக்கும். இரண்டும் சேர்ந்து ஓரத்தில் மேகத்தை மிகுத்துக் காட்டும்.

இங்கே அரிசி களைய வேண்டியிருக்கிறது. பட்டைகள் எந்தச் சாய்வில், எந்த அகலத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது சுற்றுப்பாதையிலிருந்தே தெரியும். அந்த வடிவத்தை மட்டும் தேடிப் பிரித்தெடுக்கும் கணித வடிகட்டி ஒன்றை அதன்மேல் ஓடவிடுகிறார்கள். முதல் கழுநீர் கலங்கலாக வரும், இரண்டாவது தெளியும். அதற்குமேல் போட்டுத் தேய்த்தால் அரிசியின் சத்துதான் போகும். வரைபடத்தைத் தேய்த்தாலும் அதே கதி. ஒரு மலைமுகட்டில் 2 கிலோமீட்டர் அகலத்துக்கு நிற்கும் உண்மையான மேகக் கோடும் ஒரு மெல்லிய பட்டைதான். கண்மூடித்தனமாகத் துடைத்தால் முதலில் போவது அதுவே. இந்த ஆய்வின் உண்மையான கைத்திறன் இந்த இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். எண்ணுவதற்குக் கணினி போதும். எங்கே நிறுத்துவது என்பதற்கு மனிதர் வேண்டும்.

பன்னிரண்டு மாத எண்கள் கைக்கு வந்தபின் அவற்றிலிருந்து வேறு வேறு கேள்விகளுக்கு விடை வடிக்கலாம். ஆண்டுச் சராசரி எவ்வளவு? ஆண்டுக்குள் எவ்வளவு ஏறி இறங்குகிறது? ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் எவ்வளவு மாறுகிறது? பக்கத்து இடங்களிலிருந்து இந்த இடம் எவ்வளவு விலகி நிற்கிறது? எல்லாம் நேரான கணக்குகள். பருவத்தை மட்டும் நேராகச் சராசரி எடுக்க முடியாது. டிசம்பரும் ஜனவரியும் அடுத்தடுத்த மாதங்கள், எண்களோ 12-ம் 1-ம். சராசரி எடுத்தால் நடுவில் ஜூன், ஜூலையில் போய் நிற்கும். அதற்காகப் பன்னிரண்டு மாதங்களை ஒரு வட்டத்தில் அடுக்குகிறார்கள். ஒவ்வொரு மாதத்தின் திசையிலும், அந்த மாதத்து மேக அளவுக்கேற்ற நீளத்தில் ஓர் அம்பு. எல்லா அம்புகளையும் ஒன்றின் நுனியில் அடுத்ததன் அடி வரும்படி வைத்துக் கூட்டினால் கடைசியில் ஒரே அம்பு மிஞ்சும். அது காட்டும் திசைதான் மேகத்தின் உச்சப் பருவம். அதன் நீளம், மேகம் எவ்வளவு தூரம் அந்தப் பருவத்தில் குவிகிறது என்பதற்கு அளவு. வருடம் முழுக்க ஒரே அளவு மேகம் என்றால் அம்புகள் ஒன்றையொன்று தள்ளி ஒன்றுமில்லாமல் போகும். பருவமழை நாடுகளில் அம்பு நீளும்.

மேகமும் மழையும்

இந்த வரைபடத்தை மழை வரைபடமாகப் படிக்கக் கூடாது. நம் கோயம்புத்தூரைப் பாருங்கள். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறிச் சின்னக்கல்லாறிலும் வால்பாறையிலும் கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டிய பிறகும் மேகம் முழுதாகக் கரைவதில்லை. கோவையின் வானம் பல நாள் மூடியே இருக்கும், காற்று வீசும், சாரல் விழும், மழைமானியில் மட்டும் அதிகம் ஏறாது. செயற்கைக்கோளின் கணக்கில் கோவையும் ஒரு மேகப் புள்ளிதான். பெருவின் தலைநகர் லீமா இதற்கு இன்னும் அழுத்தமான சான்று. பாலைவனக் கரையில் நிற்கும் அந்த நகரில் மழை என்று சொல்லத்தக்க மழையே அரிது. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் காண்பது கடினம்; கடலிலிருந்து வரும் படை மேகம் ஊரை மூடிக்கிடக்கும். அங்கே குன்றுகளில் அந்தப் பருவத்தில் மட்டும் பச்சை பிடிக்கும் செடிக்கூட்டங்கள் உண்டு. மூடுபனி இலையில் படிந்து சொட்டுவதுதான் அவற்றுக்குத் தண்ணீர்.

மேகத்தின் சத்து இங்கே இருக்கிறது. மேகம் வெயிலைத் தடுக்கிறது. இலையிலிருந்து நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. பகலின் சூட்டைத் தணிக்கிறது. மலையை உரசும்போது மழை பெய்யாமலே ஈரம் தருகிறது. மழைமானி இவற்றில் எதையும் அளப்பதில்லை. உயிருக்கோ இவை எல்லாமே கணக்கு.

வில்சனும் ஜெட்ஸும் இதை இரண்டு உயிர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒன்று தென்னாப்பிரிக்காவின் தேசிய மலரான அரச புரோட்டியா. கேப் பகுதியின் மலைகளில் வாழும் புதர் அது. அங்கே மழை குளிர்காலத்தில், கோடை வறட்சி. ஆனால் அந்தக் கோடையில்தான் தென்கிழக்குக் காற்று கடலின் ஈரத்தை மலைமேல் ஏற்றி மேகமாக நிறுத்துகிறது. மழை வரைபடம் வறட்சி என்று சொல்லும் மாதங்களில், மலையின் சில முகங்களில் ஈரம் தொடர்கிறது. மற்றொன்று ஆண்டிஸ் மலைகளின் மேகக்காடுகளில் மரப்பட்டையைப் பற்றியபடி ஏறிப் பூச்சி தேடும் ஒரு சிறு பறவை, மலை மரமேறி. இந்த உயிர்கள் எங்கே பதிவாகியிருக்கின்றன என்ற பட்டியலை ஒரு பக்கமும், அந்த இடங்களின் தட்பவெப்பத்தை மறுபக்கமும் வைத்து, வேறு எங்கெல்லாம் இவை இருக்கக்கூடும் என்று கணிக்கும் மாதிரிகள் உண்டு. நிலையங்களை வைத்து நிரப்பிய மழையையும் வெப்பத்தையும் கொடுத்து ஒருமுறை ஓட்டினார்கள். மேகக் கணக்கைக் கொடுத்து மறுமுறை ஓட்டினார்கள். இரண்டு உயிர்களுக்கும் மேகம் தந்த கணிப்பே சிறந்ததாக வந்தது. அழியும் உயிர்களுக்கு எந்தச் சரிவைக் காப்பது என்று முடிவெடுப்பவருக்கு இது பெரிய உதவி. ஆள் போய்த் தேடாத மலையில் எந்த முகட்டில் முதலில் தேடுவது என்று அவருக்கு இப்போது தெரியும்.

மேலிருந்து பார்த்தால் பானையின் மேல்சோறுதான் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கில் மேகத்தின் உயரம் இல்லை, கனம் இல்லை, மேல் மேகத்துக்குக் கீழே இன்னொரு அடுக்கு உண்டா என்பதும் இல்லை. அதற்குப் பானைக்குள் கரண்டி விட வேண்டும். 2006 ஏப்ரலில் ஒன்றாக ஏவப்பட்ட கிளவுட்சாட் ரேடார் அலையாலும் கலிப்சோ லேசராலும் மேகத்தை மேலிருந்து கீழாக அறுத்துக் காட்டின. 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் இப்போது இரண்டையும் ஒரே செயற்கைக்கோளில் செய்கிறது. ஆனால் அவை பார்ப்பது தடத்துக்கு நேர் கீழே உள்ள மெல்லிய கோட்டை மட்டும். உலகம் முழுதையும் கிலோமீட்டர் கிலோமீட்டராக அவற்றால் நிரப்ப முடியாது.

நேரமும் ஒரு குறை. 10.30, 1.30 என்ற இரண்டு பார்வைக்குள் வராத மேகம் கணக்கில் இல்லை. தமிழ்நாட்டின் ஏப்ரல், மே மாத இடிமழை மேகம் பெரும்பாலும் பிற்பகல் மூன்றுக்கு மேல் திரண்டு இரவில் கலைவது. அக்வா பார்த்துவிட்டுப் போன பிறகு நடக்கும் கூத்து அது. நாள் முழுக்கப் பார்க்க, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள் வேண்டும். 2024 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இன்சாட்-3டிஎஸ் போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. தொலைக்காட்சி வானிலைச் செய்தியில் நாம் பார்க்கும் மேகப்படம் அந்தக் குடும்பத்தினுடையது. அவ்வளவு தூரத்திலிருந்து வெப்பப் படத்தில் ஒரு புள்ளி சுமார் 4 கிலோமீட்டர். நேரம் கிடைக்கிறது, நுணுக்கம் குறைகிறது.

இந்தக் கணக்கைத் தொடர விரும்புபவர்களுக்கு இப்போது முன்னால் இருக்கும் சிக்கல், அளக்கும் படியே மாறிவருவது. டெர்ராவும் அக்வாவும் தம் நேரத்தைக் காத்துக்கொள்ளச் செலவழித்த எரிபொருள் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. 2020-க்குப் பிறகு டெர்ராவின் நேரம் மெல்ல முன்னுக்கும், 2022 முதல் அக்வாவின் நேரம் மெல்லப் பின்னுக்கும் நழுவுகின்றன. கடலோரப் படை மேகம் காலை ஏற ஏறக் கரைவது. நிலத்தின் திரள் மேகம் வெயில் ஏற ஏற வளர்வது. பார்க்கும் நேரம் அரைமணி நகர்ந்தாலே முதல் வகை மேகம் கூடியதுபோலவோ இரண்டாவது வகை குறைந்ததுபோலவோ எண்ணிக்கை மாறும், வானத்தில் ஒன்றும் மாறாமலே. அடுத்த கருவியான வியர்ஸ் 2011 அக்டோபரில் சுவோமி என்பிபியிலும், பின் 2017-லும் 2022-லும் நோவா-20, நோவா-21 செயற்கைக்கோள்களிலும் சென்றது. ஓரத்தில் அதன் புள்ளிகள் மோடிஸைப்போல விரிவதில்லை, பட்டைத் தொல்லை குறையும். ஆனால் மோடிஸ் மேகச் சோதனைக்குப் பயன்படுத்திய நீராவி அலைவரிசைகளில் சில அதில் கிடையாது. மூன்று செயற்கைக்கோளும் பிற்பகல் 1.30-க்கே பார்ப்பதால் டெர்ராவின் காலைப் பார்வைக்கு அவற்றில் மாற்று இல்லை. எனவே பழைய கணக்கில் புதியதை அப்படியே கூட்ட முடியாது. அக்வாவும் சுவோமி என்பிபியும் ஒரே பிற்பகலில், ஒரே நிலத்துக்கு மேல் பறந்த பத்தாண்டுத் தரவு கையில் இருக்கிறது. அதை எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்று மேகம் என்று சொன்னபோது மற்றது என்ன சொன்னது என்று பார்த்து, பாலைக்கு ஒரு திருத்தம், பனிக்கு ஒரு திருத்தம், கடலோரத்துக்கு ஒரு திருத்தம் என்று முதலில் கணக்கிட்டாக வேண்டும்.